நாலு கட்டையில் நின்ற நாற்காலி

என் மகள் நாற்காலியை ஆட்டவில்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். போளூர் பஸ்ஸில் சொன்னேன், பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் சொன்னேன், எங்கள் தெருவில் பால் வாங்கும் இடத்தில் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "பசங்கன்னா அப்டித்தான் டீச்சர், ஒரு எடத்துல குந்த மாட்டாங்க." எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. நான் கண்ணமங்கலத்தில் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நாற்பதைத் தாண்டிய வயது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண்ணுக்கு அப்போது பத்து வயது. அவள் மாடிப்படி இறங்கினால் நான் கீழே போய் நிற்பேன். ஸ்டவ் பக்கத்தில் வந்தால் திரியை இறக்கிவிடுவேன். தெருவில் எல்லோரும் இதைக் கேலி செய்வார்கள். அவள் அப்பாவும் செய்வார். அவருக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஃபைபர் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. தண்ணீர்த் தொட்டி, குளியல் தொட்டி, லாரிக்கு முன்மூடி எல்லாம் அங்கே செய்வார்கள். அவர் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் ஃபைபருக்கு ஊற்றும் அந்த ரெசின் பிசினின் நாற்றம் போகாது. யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசாத மனிதர் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மலை மேல் ஏரியில் படகு விட்டிருக்கிறார்கள் என்று அவள் வகுப்பில் யாரோ சொல்லியிருந்தார்கள். தினமும் நச்சரித்தாள். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை போளூர் போய், அங்கிருந்து மலை பஸ் பிடித்துப் போனோம்.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்த காண்ட்ராக்டர் கீழ்நாட்டுக்காரர், மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்தவர். அவரிடம் இரண்டு ஃபைபர் படகுகள் இருந்தன. ஒன்றில் குறுக்குப் பலகைகள் மட்டும். மற்றொன்றின் பின்பக்கம், மேடை போல உயர்ந்திருக்கும் மேல்தட்டில், ஒரு சிவப்பு நாற்காலியைத் திருகி வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் வரிசையாகப் போடுவார்களே, குழி விழுந்த அந்த மாதிரி நாற்காலி, அடியில் சதுரமாக இரும்புத் தட்டு. அதற்கு ராஜா சீட்டு என்று பெயர் வைத்திருந்தார். பிள்ளைகள் அதில் உட்காரத்தான் சண்டை போட்டார்கள். தண்ணீரில் மிதக்கும் சட்டைகள் சில டிக்கெட் கொட்டகையில் பாலிதீன் உறையோடு தொங்கின. "போட்டா அழுக்காய்டும்மா, ஆபீசருங்க வந்தா காட்டணும்" என்று, என் பேர், வேலை, ஊர் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டே கொட்டகையில் இருந்தவன் சொன்னான். அப்போதே திரும்பியிருக்க வேண்டியவள், மகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். பைகளோடு கரையில் நின்றுகொண்டேன். அப்பாவும் மகளும் ஏறினார்கள். அவர் முன்பலகையில் உட்கார்ந்தார், அவள் ராஜா சீட்டில். நடுவில் துடுப்பு போடுகிறவர், பக்கத்துக் கிராமத்தில் சாமை பயிரிடுகிறவர், நான் ஏதும் கேட்காமலே "பத்திரமா இட்டுனு வர்றேன்மா" என்றார்.

ஏரி ஒன்றும் பெரிதில்லை. எதிர்க்கரைக்குப் போய்ப் படகு திரும்பியது. சிவப்பும் அதன்மேல் அவள் மஞ்சள் பாவாடையும் தெரிந்தன. அவளுக்குக் கையைக் காட்டினேன். அவளும் கையை உயர்த்தினாள். அடுத்து நான் பார்த்தது, படகிலேயே கவிழ்ந்து கிடந்த நாற்காலியின் அடித்தட்டு. மஞ்சள் இல்லை. சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. படகில் இருந்து துடுப்புக்காரர் குதித்தார். அவள் அப்பா எழுந்து நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் நீச்சல் தெரியாது. துடுப்புக்காரர் மேலே வந்தபோது அவர் கையில் அவள் சடை இருந்தது. சடையைப் பிடித்துத்தான் தூக்கினார்.

கரைக்குக் கொண்டுவந்தார்கள். விழும்போது படகின் விளிம்பில் தலை இடித்து, காதுக்கு மேல் பிளந்து ரத்தம் வழிந்தது. மூச்சு வந்துவிட்டது. இருமினாள். நான் என் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். காண்ட்ராக்டர் கழுத்தில் துண்டோடு கொட்டகையிலிருந்து இறங்கி வந்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை, "பாப்பா ஆட்டிச்சா?"

இன்னும் நாலு பேர் கூடினார்கள். அவர்களிடம் திரும்பி, "பாப்பா ஆட்டிச்சு" என்றார். அதே மூச்சில் கேள்வி தீர்ப்பாகிவிட்டது. பிறகு அவளிடமே குனிந்து, "ஆட்டினதான கண்ணு?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். தலையில் ரத்தம், உடம்பெல்லாம் ஈரம், எதிரே பெரிய மீசை வைத்த ஆள். நீதானே ஏரியை வெட்டினாய் என்று கேட்டிருந்தாலும் தலையை ஆட்டியிருப்பாள்.

மருத்துவமனை பக்கத்தில்தான். தையல் போட்டார்கள். அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பைகளும் செருப்பும் ஏரிக்கரையிலேயே கிடந்ததால் திரும்பப் போக வேண்டியிருந்தது. போனபோது துடுப்புக்காரர் படகைக் கட்டிவிட்டு நாற்காலியை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதைத் தலைகீழாக என் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

இரும்புத் தட்டில் நாலு மூலையிலும் நாலு திருகாணி. ஒவ்வொரு திருகாணியின் நுனியிலும் ஒரு மரக்கட்டை. உப்பி, பஞ்சு போலப் பிரிந்து, கறுத்துப்போன கட்டை. பிடுங்கிய பல்லின் வேர் மாதிரி தொங்கின.

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே. ஸ்விட்ச் போர்டு மாட்ட வேண்டுமென்றால் ஒயர்மேன் சுவரில் உளியால் குழி தோண்டுவார், அதில் மரக்கட்டையை அடித்து இறக்குவார், கட்டையில் திருகாணி போடுவார். சுவரில் அது நிற்கும். சுற்றிலும் செங்கல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கட்டை நனைவதும் இல்லை. படகின் மேல்தட்டு என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத கனம். அதற்குக் கீழே வெறும் காற்று. அங்கே கட்டையை யார் பிடித்துக்கொள்வார்கள்? தண்ணீர் பட்டால் ஊதும், துளையின் விளிம்பை விரிசல் விடும். படகைக் கரையில் போட்டு வெயில் பட்டால் சுருங்கும். ஊதிச் சுருங்கி ஊதிச் சுருங்கி, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் லூசாகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும்.

"யாரு இதைப் போட்டது?" என்று கேட்டேன்.

"நம்ம ஒயர்மேன்தாங்க. கொட்டாய்க்கு லைட்டு போட வந்தான், அப்டியே இதையும் போட்டுட்டான்" என்றார் கொட்டகையிலிருந்து வந்து நின்ற காண்ட்ராக்டர். அதில் பெருமை வேறு. "சொவுத்துல ஃபேன் ரெகுலேட்டரே நிக்குது டீச்சரம்மா, இதுல நிக்காதா? இத்தினி நாளா எத்தினி பேரு குந்தினாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவல."

"இப்ப ஆயிருக்கே."

"பாப்பா ஆட்டிச்சு. அதுவே ஒத்துக்கிச்சு. இன்னா சார்?" என்று அவர் என் கணவரைப் பார்த்தார். "ஒண்ணும் கவலப்படாதீங்க. இதவிடப் பெரிய கட்டையா நாலு அடிச்சிட்டா போச்சு. நாளைக்கு ஞாயித்துக்கெழம, கூட்டம் வரும். ஒயர்மேனுக்கு ஆள் அனுப்பிட்டேன்."

நாளைக்கு அந்த நாற்காலியில் இன்னொரு பிள்ளை. என் கணவரிடம் திரும்பினேன். "ஏங்க, உங்க வேலையே இதுதானே. சொல்லுங்க, இது சரியா?"

அவர் ஏரியைப் பார்த்தார். "வாம்மா, பஸ் போய்டும்."

"இது சரியா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"சரியில்லதான்" என்றார். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"சார் இன்னா சொல்றாரு?" என்றார் காண்ட்ராக்டர்.

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அந்த நேரத்தில் எனக்குக் காண்ட்ராக்டர்மேல் இருந்த கோபத்தைவிட இவர்மேல் இருந்த கோபம் பெரிது. தலையில் கட்டோடு நிற்கும் பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள். அவளுக்காக ஒரு முழு வாக்கியம் பேசக்கூடாதா?

நாற்காலியைத் தூக்கினேன். நினைத்ததைவிட கனம், ஆனால் தூக்க முடிந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

காண்ட்ராக்டர் முதலில் சிரித்தார். "இன்னா டீச்சரம்மா, வூட்டுல சோபா இல்லியா?"

நான் நடந்தேன்.

"யம்மா, வையும்மா அத. யோவ், புடிய்யா."

துடுப்புக்காரரைத்தான் பிடிக்கச் சொன்னார். அவர் வழியில் நின்றிருந்தார். நான் அருகில் போனதும் ஒதுங்கி வழி விட்டார். தலையில் கட்டுப் போட்ட குழந்தையின் தாயைத் தொட்டுத் தடுக்க அங்கே யாருக்கும் துணிவில்லை. சீட்டு இல்லாவிட்டால் அந்த மேல்தட்டில் நாளைக்கு யாரும் உட்கார முடியாது. எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. புளிமூட்டை, பலாப்பழம், அதற்கு நடுவில் நான், சிவப்பு நாற்காலி. கண்டக்டர் நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எங்க பஸ்ல சீட்டு இருக்காதுன்னு நீங்களே எடுத்துனு வந்துட்டீங்களா?"

சுற்றிலும் சிரித்தார்கள். பலாப்பழக்காரி, "கீழ வையி தாயி, நான் குந்திக்கிறேன். காலு கடுக்குது" என்றாள்.

"இதுல யாரும் உக்காரக் கூடாது" என்றேன். அந்தக் குரலில் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு அவள் என் மகள் தலையில் இருந்த கட்டுத்துணியைப் பார்த்து, இன்னா ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும், கட்டையைக்கூடக் காட்டிச் சொன்னேன். பலாப்பழக்காரி நாடியில் கை வைத்துக் கேட்டுவிட்டு, என் மகளின் கன்னத்தைத் தடவி, "இனிமே ஆட்டக் கூடாது, இன்னா ராசாத்தி?" என்றாள். என் மகள் தலையை ஆட்டினாள்.

நல்ல மனசோடு சொன்னாள் என்பது எனக்கும் தெரியும். அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நாற்காலி எங்கள் முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மகள் அந்த அறைக்கு வருவதை விட்டுவிட்டாள். சமையலறையிலேயே படித்தாள், அங்கேயே சாப்பிட்டாள். தரையில் சம்மணம் போட்டு, இரண்டு கையையும் மடியில் கோத்து, அசையாமல். ஒருநாள், "அந்த மாமா போலீஸ்ல சொல்லுவாராம்மா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"நான் ஆட்டினதுக்கு."

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துவந்தேன். மூடியில் துளை போட்டு, ஒரு சாக்பீஸைச் செருகி, அதை ஒரு விரலால் தொட்டதும் சாய்வதைக் காட்டினேன். பிறகு அதே சாக்பீஸைக் களிமண் உருண்டையில் செருகி, அசையாததைக் காட்டினேன். வகுப்பில் இப்படித்தான் நடத்துவேன். "பாரு, உன் மேல தப்பே இல்ல. மூடி மெல்லிசு. புடிச்சுக்க ஒண்ணும் இல்ல. நீ மூச்சு விட்டாலே போதும்" என்றேன். அவள் கவனமாகப் பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் தலையை ஆட்டினாள். காண்ட்ராக்டருக்கு ஆட்டினாளே, அதே ஆட்டல். பெரியவர்கள் சொல்வதற்கு ஆமாம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள் என்பது அன்று தெரிந்தது. அம்மா எப்போதும் தன் பக்கம்தான் பேசுவாள் என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வேண்டியது அந்த ஆள். அவர் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வாரத்தின் நடுவில் அவரே வந்தார், புல்லட்டில். செருப்பை வெளியே விட்டு, வணக்கம் சொல்லி, என் கணவர் கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தார். குடித்து முடித்தபின், "சாமான எடுத்துனு போனா அதுக்குத் திருட்டுன்னு பேரு டீச்சரம்மா. படிச்சவங்க நீங்க" என்றார்.

"ஸ்டேஷன் இதே தெருவுலதான் இருக்கு. வாங்க, ரெண்டு பேருமே போவோம். நாலு கட்டையையும் எடுத்துக்கிறேன்."

"இன்னா சார் இது" என்று என் கணவரிடம் திரும்பினார். "பேசற பேச்சா?"

என் கணவர் தொண்டையைச் செருமினார். "சனிக்கெழம நானே வந்து போட்டுத் தர்றேங்க. சாமான் எல்லாம் கொண்டாறேன். கட்டை வேணாம்."

காண்ட்ராக்டர் முகம் மலர்ந்தது. "அதான. ஆம்பளைங்க பேசினா அஞ்சு நிமிஷம்."

நான் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். "ஒரு விஷயம் இருக்கு. பாப்பா மேல தப்பு இல்லன்னு நீங்க அவகிட்ட சொல்லணும். அவ எதிர்ல நின்னு சொல்லணும். அப்பதான் நாற்காலி."

"சொல்லிட்டா போச்சு" என்றார். காப்பி நல்லா இருந்துச்சு என்று சொல்வது போலச் சொன்னார்.

சனிக்கிழமை என் கணவர் முதலாளியிடம் கேட்டு வாங்கிய சாமான்களைப் பையில் எடுத்து வைத்தார். காப்பித்தூள் டப்பாவில் ரெசின், சின்னக் குப்பியில் அதை இறுக வைக்கும் மருந்து, கண்ணாடி இழைப் பாய் ஒரு சுருள், நனைந்தாலும் பிரியாத ஒட்டுப்பலகை இரண்டு குறுகலான துண்டுகளாக, நீளமான போல்ட்டுகள், அகல வாஷர்கள். கைத் துளைப்பான். நாற்காலியை இந்த முறை அவர் தூக்கினார். மகள் வர மாட்டேன் என்றாள். நான் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கேட்க வேண்டிய வார்த்தை அங்கே இருந்தது.

படகைக் கரையோரம் மிதக்கவிட்டு இரண்டு பக்கமும் கட்டியிருந்தார்கள். என் கணவர் முதலில் பழைய துளைகளைச் சுரண்டி, விரிசலைத் தேய்த்து, ரெசினில் தோய்த்த இழைத் துண்டுகளை வைத்து அடைத்தார். மே மாத வெயிலில் அது சீக்கிரம் இறுகிவிட்டது. நாற்காலியை ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்துப் புதிதாகக் குறித்தார். துளை போடும்போது முதலில் துளைப்பானை எதிர்த்திசையில் சுற்றினார். அப்போதுதான் மேலே இருக்கும் வழவழப்பான பூச்சு சில்லு சில்லாகப் பெயராதாம். போல்ட் தட்டைத் துளைத்துக் கீழே போய், அங்கே ஒட்டுப்பலகையையும் துளைத்து வெளியே வர வேண்டும். அங்கே அகல வாஷர், அதன்மேல் நட்டு, அதன்மேல் இன்னொரு நட்டு. அப்படிச் செய்தால் நாற்காலியின் இழுப்பு நாலு ஓட்டையில் விழாது, பலகை முழுவதும் பரவிவிடும். துளையின் உள் விளிம்புகளுக்கும் பலகையின் ஓரங்களுக்கும் ரெசின் தடவினார், தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இவ்வளவையும் அறிந்த வாய்தான் போன சனிக்கிழமை அதே இடத்தில் மூடிக் கிடந்தது.

கீழே பலகையையும் நட்டையும் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மேல்தட்டில் வட்டமாக ஒரு மூடி, அதைத் திறந்தால் கை மட்டும் போகும் அளவுக்கு வழி. அவர் தோள் போகவில்லை. துடுப்புக்காரர் முயன்றார், அவருக்கும் முழங்கைக்கு மேல் போகவில்லை. நான் வளையல்களைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, படகில் ஏறினேன். தண்ணீர் பயம் எல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ. கவிழ்ந்து படுத்து, தோள் வரை கையை விட்டு, ஸ்பானரால் முதல் நட்டைப் பிடித்தேன். கன்னம் தட்டின்மேல் படிந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கரையும், கரையில் உட்கார்ந்திருந்த மகளும், என் கணவரின் ஒரு பாதமும்.

அந்த நேரம் பார்த்துக் காண்ட்ராக்டர் வந்தார். வேலையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். "சார் கை வேலையே வேலை" என்றார்.

"சொல்றேன்னு சொன்னீங்களே" என்றேன், படுத்தபடியே.

"அட, ஆமா." அவர் என் மகளிடம் போனார். குனிந்து அவள் தோளில் தட்டினார். "பாப்பா, உன் மேல தப்பே இல்ல, இன்னா? இனிமே ஆட்டாம சமத்தா குந்தணும்."

அவள் தலையை ஆட்டினாள்.

எழுந்து அந்த ஆளை ஏரியில் தள்ளியிருப்பேன். கை வெளியே வர வேண்டுமே. ஸ்பானரை விட்டால் நட்டு சுற்றும், போல்ட் இறுகாது, இத்தனையும் வீண். பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

மேலே போல்ட்டைத் திருகும்போது அசைந்துகொண்டிருந்த பாதம் நின்றது. என் கணவர் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "இங்க வா. கிட்ட வா."

அவள் தண்ணீரின் ஓரம் வரை வந்து நின்றாள்.

"அன்னிக்கு நான் மொதல்ல ஏறினேன் இல்ல? ஏறும்போது இந்த சீட்டு முதுக புடிச்சேன். ஆடுச்சு. கையில தெரிஞ்சுது, கட்டைல நிக்குதுன்னு. எனக்குத் தெரியாதா? தெனமும் இதான வேல. அத்தினி பேர் எதிர்ல சொன்னா இவருக்கு அசிங்கமா போய்டும்னு வுட்டுட்டேன். ஒரு சுத்துதான, ஒண்ணும் ஆகாதுன்னு வுட்டுட்டேன். நீ குந்தறதுக்கு முன்னாடியே அது ஆடினுதான் இருந்துச்சு."

காண்ட்ராக்டர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"தெரிஞ்சேவா என்ன உக்கார வச்ச?" என்றாள் மகள்.

"ஆமா."

நான் அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் வெட்டிய, சுத்தமான பாதம். ஒரு வாரமாக நான் போளூர் பஸ்ஸிலும் பால்காரரிடமும் தேடிக்கொண்டிருந்த சாட்சி, என் எதிரில் உட்கார்ந்து நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாக்பீஸ் வித்தை காட்டியபோது பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஊரான் ஒருவன் நாலு பேர் முன்னால் முகம் சுருங்கக் கூடாது என்று என் பிள்ளையை அதில் உட்கார வைத்த நல்ல மனிதர். எனக்குக் கத்தத் தோன்றியது. கத்தினால் அவள் முகம் மறுபடி மூடிக்கொள்ளும். அவள் முகத்தில் அப்போது ஏதோ நடந்துகொண்டிருந்தது. புருவம் சுருங்கியது. எனக்கு அவ்வளவு தெரிந்த அந்த முகம் கோபப்படுவதை ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன்.

"அப்ப நான் ஆட்டல" என்றாள்.

"இல்ல."

"நான் ஆட்டவே இல்ல. கையத்தான் தூக்கினேன். அம்மாக்கு டாட்டா காட்டினேன்."

நான் கை காட்டியதற்குத்தான் கையைத் தூக்கினாள், அதை நானும் பார்த்தேன். இதை அவள் அதுவரை என்னிடம் சொல்லவில்லை.

நாலு போல்ட்டையும் முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. அவர் "அடுத்தது" என்றார், நான் அடுத்ததைப் பிடித்தேன். வேறு பேச்சு இல்லை. இரண்டாவது நட்டுகளையும் ஏற்றி, என்னால் முடிந்த மட்டும் இறுக்கினேன். இவ்வளவு பலம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கையை வெளியே எடுத்தபோது முழங்கை முழுவதும் சிவந்து, கண்ணாடி இழை குத்தி அரிக்கத் தொடங்கியிருந்தது. அந்த அரிப்பு பல நாள் இருந்தது.

யாரும் கூப்பிடாமல் அவள் படகில் ஏறினாள். அப்பா நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் கொஞ்சம் அசைந்து பார்த்தாள். பிறகு பின்னால் சாய்ந்து தள்ளினாள். பிறகு இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் இடமும் வலமும் ஆட்டினாள். நாற்காலி அசையவில்லை. படகு அசைந்தது. கட்டிய கயிறுகள் இழுபட்டன, தண்ணீர் கரையில் வந்து அறைந்தது. துடுப்புக்காரர் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

"பாப்பா, மெதுவா, மெதுவா" என்றார் காண்ட்ராக்டர். என்னிடம் திரும்பினார். "டீச்சரம்மா, சொல்லுங்களேன்."

என் கணவரும் என்னைப் பார்த்தார். வழக்கமாக இந்த மாதிரி இடங்களில் நிறுத்து என்று சொல்கிறவள் நான்தான். அன்று ஆடும் படகில் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு, கை அரிக்க அரிக்க, அவளுக்குப் போதும் என்று தோன்றும்வரை நின்றிருந்தேன்.